நாற்பதாவது பெயர்

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ராக்கியண்ணன் உட்காரவில்லை. படியிலேயே நின்றார்.

பதினெட்டு வருடமாக அவர் தோட்டத்துக்கு மோட்டார் போவது இந்தக் கடையிலிருந்துதான்.

“மோட்டார் கம்பெனிலயே கூப்பிட்டாங்க அம்மணி. கடைக்கு அலைய வேண்டாம், நாங்களே கொண்டாந்து மாட்டித் தர்றோம்னாங்க. மருமகன் சரின்னுட்டாரு. சொல்லாம இருக்க மனசு வரல.”

அப்பா உள்ளறையில் கேபிள் அளந்துகொண்டிருந்தார்.

“எம்பட போரு முன்னூத்தி இருவது அடி, மோட்டாருக்கு ஏழு வருசம் முடிஞ்சுதுன்னு அவிங்களே சொல்றாங்க. எப்படித்தான் தெரிஞ்சுதோ!”

அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்குப் போனில் எழுத வராது. கம்பெனி கொடுத்த செயலியில் எல்லாம் ஏற்றுவது அவள்தான். பெயர், எண், ஊர், போர்வெல் ஆழம், வாங்கிய தேதி. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களையும் விடமாட்டாள்.

மாதம் நாற்பது பெயர். குறைந்தால் டீலர்ஷிப் கைமாறும் என்று கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆள் வராத மாதங்களில் அப்பாவின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினாள். பக்கம் பக்கமாக ஏற்றினாள். அதிகப் பெயர் ஏற்றியதில் மாவட்டத்திலேயே முதல் கடை என்று கம்பெனிக்காரர்கள் அப்பாவை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். அப்பா அந்த மாலையை வீடு வரை கழற்றவில்லை.

“அப்பாகிட்ட நீயே சொல்லிரு கண்ணு.”

ராக்கியண்ணன் வண்டியைக் கடை வாசலில் கிளப்பவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

அப்பா வெளியே வந்து அந்த முதுகைப் பார்த்தார்.

அவர் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் சார். உங்க தோட்டத்துக்கு மோட்டார் வேணும்னு பதிவாகியிருக்கு. கடைக்கெல்லாம் போக வேண்டாம் சார். எங்க கம்பெனியே நேரடியா...”

அப்பாவுக்குத் தோட்டம் கிடையாது.

போன மாதம் முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. கடைசி நாள் சாயங்காலம், வேறு பெயர் கிடைக்காமல், அப்பாவின் பெயரைப் போட்டாள்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கேட்டியா கண்ணு? நம்மளுக்கே விக்கறாங்க!”

“போர் எத்தனை அடி சார்?” என்றது போன், பொறுமையாக.

சிரித்தபடியே அவள் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

போனில் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“ராக்கியண்ணன் எதுக்குக் கண்ணு வந்துட்டுப் போனாரு?” என்றார்.