கண்ணாடி மூடி

மதிய வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. ஊசிக்கண்ணில் பார்க்காமலே நூல் கோக்கிற கை, இன்று பசை தடவி முடித்திருக்கிறது. தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையகலப் பொம்மைப் போர்விமானத்தில், விமானி இருக்கையின்மேல் கண்ணாடி மூடியை வைத்து அழுத்துகிறார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்காரர்கள் பாலைவனத்தில் ஓட்டிய விமானத்தின் மாதிரி. மணல் நிற உடம்பெங்கும் பச்சை வளையங்கள், வாலில் வெள்ளைச் சிலுவை. எல்லாம் மகனின் கைவண்ணம். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானியின் மிளகளவு முகத்தில் மீசைகூட வரைந்திருக்கிறான். மூடி ஒட்டுவதுதான் பாக்கி. அதற்குள் நுரையீரல் கைவிட்டுவிட்டது. பையன் போய் இரண்டு மாதம். செருப்பு ஒட்ட வைத்திருந்த சூப்பர் குளூவைத்தான் அவர் தடவியிருக்கிறார். அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும் என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. மூடியின் உட்புறம் ஓரத்திலிருந்து வெள்ளை படர்கிறது. மனைவி குனிந்து விரலால் துடைக்கிறாள். போகவில்லை.

"உள்பக்கம்டி அது. பாழாக்கிட்டேன். பிச்சு எடுத்துடறேன்," என்று கத்தியை எடுக்கிறார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "வேணாங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா அவன் ஆக்ஸிஜன் மாஸ்க்கையேதானே பாத்துக்கிட்டு இருந்தோம், மூச்சுல இப்படிப் பனி படியுதான்னு."

கத்தி மேசைக்குத் திரும்புகிறது. இருவரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிக்குள் வெள்ளை ஏறி ஏறி, கடைசியில் மீசையும் தெரியாமல் போகிறது.