நூறாவது பங்கு

ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளும் சட்டை ஒன்றை வெட்டித் தைக்கப் படம் வரைந்திருந்தாள் தையல்காரி. ஆளுக்கு ஒரே பங்காக நூறு பேர் பணம் போட்டால், படம் பணம் போடாதவர்கள் உட்பட எல்லோருக்கும் இலவசம். ஒரு பங்கு குறைந்தாலும் பணம் அவரவருக்கே திரும்பிவிடும்.

ஆறு மணிக்குக் கெடு. தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"ஜவுளிக்கடைக்காரர் மொத்தமா வாங்கிக்கிறேன்னாரு. வேண்டாம்னுட்டியே அக்கா!" என்றாள் தங்கை.

"அவர்கிட்ட கொடுத்தா அவர் மட்டும்தான்டி தைப்பாரு."

"சும்மா கிடைக்கப்போறதுக்கு எந்த இளிச்சவாயன் காசு போடுவான்?"

ஆறடிக்க ஐந்து நிமிடம். நூறாவது பங்கு வந்து விழுந்தது. பெயரைப் பார்த்த தையல்காரி திகைத்துப்போய் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்களா?"

"ஆமாம்மா," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "மொத்தத்துக்கும் விலை பேசினேன், நீ மசியல. ஒரு பங்கு போட்டாலே நானும் தைக்கலாமே! நான் வியாபாரிம்மா."