குதிகாலில் ஒரு கண்ணி

சந்தைக் கூட்டத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் காலுறைக் கடை ஹார்ட்விக் ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

"வந்துட்டா, குத்தம் கண்டுபிடிக்கிறவ."

பக்கத்துக் கடை குண்டுலா வாணலியில் சர்க்கரைப் பாதாமைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். "வாங்குறவங்களை விட அந்தம்மாவைத்தான் அண்ணே நீங்க அதிகமா நெனைக்கிறீங்க."

நினைக்காமல் என்ன செய்வது? கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கினால் போதும், அவள் ரயிலேறிவிடுவாள். கோஸ்லார், வெர்னிகெரோடே, பிறகு இங்கே குவெட்லின்புர்க். கையில் எப்போதும் பாதி பின்னிய காலுறை. கம்பளிக் காலுறை விற்கும் கடையாகப் பார்த்து நிற்பாள். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிக் குதிகாலைக் கண்ணருகே கொண்டுபோவாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு ஜோடிகூட வாங்கியதில்லை.

போன வருஷம் வாங்க வந்த ஒருத்தி, பின்னத் தெரிந்தவளே வேண்டாம் என்கிறாளே என்று கையிலிருந்ததையும் வைத்துவிட்டுப் போனாள். ஹார்ட்விக் அதை மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிற ஆளில்லை.

பெட்டியை மறைத்ததும் அதனால்தான். மலைக்கிராமத்திலிருந்து ஒருத்தி இந்த வருஷம்தான் தபாலில் அனுப்பத் தொடங்கிய சரக்கு அது. நல்ல கம்பளி, நல்ல கை. ஆனால் எல்லாவற்றிலும் குதிகாலில் ஒரு சின்னப் பழுது. யாரும் கவனித்ததில்லை. இவள் கண்ணில் பட்டால் சந்தை முழுக்கப் பரப்பிவிடுவாள்.

வந்தாள். பின்னலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஜோடியைத் திருப்பினாள்.

"திருப்பாதீங்கம்மா" என்றார் ஹார்ட்விக். "வருஷா வருஷம் என் சரக்குல குத்தம் தேடுறீங்களே, ஒண்ணாவது கெடைச்சுதா?"

"இல்லைங்க. எல்லாம் சுத்தமா இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "அதான் வருத்தமே."

அவருக்குப் புரியவில்லை.

ஒரே மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனதைச் சொன்னாள். கல்யாணமாகிப் பெயரும் மாறிவிட்டதாம். எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாதாம். சந்தைக் கடைகளுக்குக் காலுறை பின்னிக் கொடுத்துப் பிழைக்கிறாள் என்பது மட்டும் காதில் விழுந்ததாம்.

"பின்னல் நான் கத்துக் குடுத்தது. குதிகால் வளையுற எடத்துல ஒரு கண்ணியை மாத்திப் போட்டுடுவேன். சின்ன வயசுலருந்தே என் கை அப்படி. அவளுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு. அந்தத் தப்பைத்தாங்க ஊர் ஊராத் தேடுறேன்."

கக்கத்திலிருந்த பின்னலை எடுத்துக் காட்டினாள். ஹார்ட்விக் பார்த்தார். கண்ணுக்குப் பழகிய பழுது.

குண்டுலா கிளறுவதை நிறுத்தியிருந்தாள்.

ஹார்ட்விக் குனிந்தார். பெட்டியை இழுத்து மேசைமேல் வைத்து, மேலே இருந்த ஜோடியை அவளிடம் நீட்டினார்.

"திருப்பிப் பாருங்கம்மா."