ஜெபக் குறிப்பு

"வலி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"ஸ்தோத்திரம் டாக்டர். சுகமா இருக்கேன்" என்றான் பெயின்டர்.

சொல்லும்போதே அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கட்டிலின் இரும்பு விளிம்பைப் பற்றியிருந்த கை அதை விடுவதாக இல்லை.

பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். விடிந்தும் விடியாததுமாகக் குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, வண்டி பிடித்து, அவசரப் பிரிவு வரை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள். வழியெல்லாம் இதே பதில்தான். என்ன செய்கிறது, எங்கே செய்கிறது என்று அவளுக்கும் தெரியாது. அவன் சொன்னால்தான் உண்டு.

ஈசிஜி தாளில் இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை. கையைத் தூக்கித் தூக்கிச் சுவருக்கு வண்ணம் பூசுகிற ஆள், வாயுவாகவோ தசைப்பிடிப்பாகவோ இருக்கும் என்று டாக்டரம்மா முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். வாசலில் கால் உடைந்த ஒருவர் கட்டில் கிடைக்காமல் சக்கர நாற்காலியில் முனகிக்கொண்டிருந்தார். சுகம் சுகம் என்கிறவனை எவ்வளவு நேரம்தான் படுக்க வைத்திருப்பது?

"இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாடம் நடத்தியதே அவள்தான்.

கல்யாணமான புதிதில் வாயைத் திறந்தால் அவனுக்குப் புலம்பல்தான். இடுப்பு ஒடிகிறது, மழை வந்து வேலையைக் கெடுக்கப் போகிறது, நம் தலையெழுத்தே இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினாள். விசுவாசி வியாதியை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அது வீட்டுக்குள் வந்து பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். தும்மினாலும் சுகம், இருமினாலும் சுகம்.

குருவை மிஞ்சிய சிஷ்யன் ஆகிவிட்டான் அவன். ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்து, வீங்கிப்போன கணுக்காலோடு நொண்டி நொண்டி ஆராதனைக்கு வந்து, "சுகமா இருக்கேன்" என்று எல்லோரிடமும் கை குலுக்கினான். சபையே மெச்சியது. அவளுக்கோ தலைகால் புரியாத பெருமை.

இன்று அந்தப் பெருமையை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க, எங்க வலிக்குதுன்னு சொல்லிடுங்க" என்று அவன் காதோரம் கெஞ்சினாள்.

அவன் பாவமாக அவளைப் பார்த்தான். பரீட்சை நடக்கும்போது வாத்தியாரே வந்து தப்பான விடையைச் சொல்லிக்கொடுத்தால் பையன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். "சோர்ந்து போகாத. சுகந்தான்" என்று அவளுக்கே தைரியம் சொன்னான்.

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைக் கிழித்து நீட்டினார். நர்ஸ் அவன் மார்பிலிருந்த ஒயர்களைக் கழற்ற வந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் புதன்கிழமை ஜெபக்கூட்டம் ஞாபகம் வந்தது. அங்கேயும் வாசல்படி வரை எல்லோரும் சுகம்தான். ஆனால் உள்ளே உட்கார்ந்து ஜெபக் குறிப்பு கேட்டுவிட்டால் போதும், முழங்கால் மூட்டில் ஆரம்பித்து மருமகனின் குடி வரை கொட்டித் தீர்த்துவிடுவார்கள். மனுஷனிடம் சொன்னால் அவிசுவாசம், ஆண்டவரிடம் சொன்னால் விண்ணப்பம். இது எழுதாத சட்டம்.

சட்டென்று அவன் தலையில் கையை வைத்தாள்.

"கண்ண மூடுங்க. ஜெபம் பண்ணப் போறேன். குறிப்பு சொல்லுங்க."

பழக்கப்பட்ட கண்கள் உடனே மூடிக்கொண்டன.

"நெஞ்சுக்காக" என்றான். "நடு நெஞ்சுக்காக. பெயின்ட் வாளிய நிரப்பி மேல ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு. இடது கைக்காக, விரல் நுனி வரைக்கும். தாடைக்காக. மூச்சுக்காக."

சீட்டை நீட்டிய கை அப்படியே நின்றது.

ஒவ்வொன்றுக்கும் அவள் "ஆமென்" என்றாள். கண்ணை மட்டும் மூடவில்லை. ஜெப நேரத்தில் அவள் கண் திறந்திருந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். அந்தக் கண்கள் டாக்டரம்மாவை விட்டு அகலவில்லை.

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி ஈசிஜி எடுக்கச் சொல்லி நர்ஸுக்குக் கைகாட்டினார். ஒரு மாத்திரையை எடுத்து அவன் வாயில் போட்டு, "மென்னு முழுங்குங்க" என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "எப்போலேருந்துன்னு கேளுங்க" என்று கிசுகிசுத்தார்.

"எப்போலேருந்துங்க? விவரமா சொன்னாத்தான விவரமா ஜெபிக்க முடியும்?"

அவன் மாத்திரையை விழுங்கினான். மூடிய கண்களோடு முகத்தை மேலே திருப்பினான். அவளிடம் பேசவில்லை, நேராக ஆண்டவரிடமே பேசினான்.

"என் நெஞ்சு வலி அடியோட போயிடுச்சுன்னு போன மாசம் இவ சபையில எழுந்து சாட்சி சொன்னா, ஆண்டவரே. அது ஒரு நாளும் போகல. இவ ஜனங்க முன்னாடி பொய்க்காரி ஆயிடாம காத்துக்கொள்ளும்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவளுக்கு ஆமென் வரவில்லை. கட்டிலின் சக்கரப் பூட்டைத் தட்டிவிட்டு நர்ஸ் தள்ள ஆரம்பித்தாள். அவன் கையை விடாமல் கூடவே ஓடினாள். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழிய ஜெபித்தாள்.

"நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன், ஆண்டவரே. இந்த மனுஷன் எனக்கு வேணும்."