செவலை பார்க்குது

வடக்குத்து ராயப்பனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மேய்ச்சல் கொல்லையில் அறுந்துபோன சோலார் வேலியை ஒட்டுப்போட வந்த சத்யப்பிரியா மேலும்தான்.

“முதல்ல சுவிட்ச அணை, பொண்ணு. க்ளவுஸ் மாட்டிக்கோ.”

“ஆச்சுங்க.”

“கம்பிய நல்லா முறுக்கு. தாண்டினா மைன்ஸ் லாரி ஓடுற ரோடு. செவலைப் பசு நெறமாசமா நிக்குது.”

முறுக்கி முடித்து, சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியாததால் பெட்டியைத் திறந்தவள் திகைத்தாள்.

“உள்ள பேட்டரியே இல்ல! கரண்ட் இல்லாத வேலிக்கா என்னைய இந்தப் பாடு படுத்தினீங்க?”

“கத்தாத!” ராயப்பன் குரலைத் தாழ்த்தினார். “நாந்தான் கழட்டி வச்சேன். சினை மாட்டுக்கு ஷாக் அடிச்சா என்னாவும்? முன்ன ஒருவாட்டி அடி வாங்கினதுல கம்பிகிட்டவே வராது. அறுந்து கெடந்தாதான் தைரியம் வந்துடும். பாரு, நம்மளையே பாத்துகினு நிக்குது.”

பத்தடி தள்ளி நின்ற செவலை அசைபோடுவதைக்கூட நிறுத்தியிருந்தது.

சத்யப்பிரியா க்ளவுஸைக் கழற்றினாள். ஒற்றை விரலால் கம்பியைத் தொட்டு, “ஐயோ அம்மா!” என்று அலறி எகிறிக் குதித்தாள்.

செவலை மிரண்டு நாலு எட்டு பின்னால் போனது.

“வேலைன்னா இது வேலை!” என்றார் ராயப்பன், பல்லெல்லாம் தெரிய.