கேப்டன் போக மீதி

விமானம் இன்னும் கிளம்பவில்லை. காலை வெயில் முன்கண்ணாடி வழியாக நுழைந்து, இரண்டு விமானிகளுக்கும் நடுவில் பணிப்பெண் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டிகள் மேல் விழுகிறது. ஒன்றில் கோழி, மற்றொன்றில் வேகவைத்த காய்கறி. ஒரே சாப்பாடு இருவர் வயிற்றையும் ஒன்றாகக் கெடுத்துவிடக் கூடாது என்பதால் ஆளுக்கு ஒன்றுதான் சாப்பிட வேண்டும். கேப்டன் போக மீதிதான் துணை விமானிக்கு. இன்று கேப்டனுக்குப் பணியில் கடைசி நாள். நாளை முதல் கேப்டனின் இடப்பக்க இருக்கையும் கோழியும் துணை விமானிக்கு. "இன்னிக்கு நீயே முதல்ல எடுத்துக்கோப்பா," என்கிறார் கேப்டன், சொத்தை எழுதிவைப்பவர் போல. அவன் கோழிப் பெட்டியைத் திறக்கிறான். ஆவி எழுந்து அவனுடைய கூலிங் கிளாஸில் படிகிறது. அப்போது கேப்டனின் போன் அடிக்கிறது. அவர் மனைவியின் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்கிறது. "ஏங்க, நியூஸ் பாத்தீங்களா? பைலட்டுங்களுக்கு ரிட்டயர்மென்ட் வயசை ரெண்டு வருஷம் கூட்டிட்டாங்களாம்! இன்னிலேர்ந்தே! நாளைலேர்ந்து நீங்க வீட்லயே இருப்பீங்கன்னு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்லைங்க." கேப்டன் போனை வைத்துவிட்டு டையைச் சரிசெய்துகொள்கிறார். துணை விமானி முட்கரண்டியைக் கீழே வைக்கிறான். "வாழ்த்துகள் சார்." பெட்டியை மூடி இடப்பக்கம் நகர்த்துகிறான். கேப்டனுக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு துண்டாவது எடுத்துக்கோயேன்." "வேணாம் சார். ரெண்டு பேரும் ஒண்ணையே சாப்பிடக் கூடாது." அவன் மற்ற பெட்டியைத் திறக்கிறான். உள்ளே கேரட்டும் பட்டாணியும், நாங்கள் எங்கேயும் போகவில்லை என்பது போல, வெயிலில் பளபளக்கின்றன.