பூஞ்சணம் துடைத்தவள்

"அந்தப் பெட்டிய மறுபடியும் தொட்டியா?"

ரவிச்சந்திரன் கத்தியது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான் எதுக்குங்க தொடறேன்?" சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள் அம்சவேணி.

அவர் நம்பவில்லை. ஒருமுறை தொட்டவள்தானே! சேரம்பாடி மழையில் சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்த ஆடி மாதம், மகன் யுவனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் சேர்த்து ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்கள் எல்லாம் இடம் மாறிப்போயின. யுவன் பைக் விபத்தில் இறந்த அடுத்த மாதம் அது. அவன் கடைசியாக வைத்துவிட்டுப் போன சத்தத்தையும் துடைத்துவிட்டாளே என்று அவருக்கு ஆறவே இல்லை.

அன்றிலிருந்து எஸ்டேட் ஆபீஸ் விட்டு வந்ததும், அந்தச் சத்தத்தைத் தேடி அவர் யுவனின் அறைக்குள்தான்.

யுவன் வாசித்தது த்ராஷ் மெட்டல் என்னும் அதிரடி ராக் இசை. "தகரக் கொட்டாய்ல கல்லு கொட்டற மாதிரி இருக்குதுடா" என்று அவனைத் திட்டியவர், இப்போது அவன் கிட்டாரை எடுத்து, கையோரத்தைக் கம்பிகள்மேல் அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாகவே அடிக்கப் பழகியிருந்தார். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை ஏற்றினால் சத்தம் குழைந்த சோறாகிவிடும். நடு ஒலியைக் கூட்டும் மிட் குமிழை அடியோடு இறக்கினால் சதையில்லாத வெறும் கூடாகிவிடும். இன்று நெருங்கி வருவது நாளைக்கே விலகிப்போகும்.

"கிடைக்கட்டும். குமிழ்மேல டேப் ஒட்டி, போர்த்தி மூடி வெச்சிருவேன். அப்புறம் நானும் தொடமாட்டேன், நீயும் தொடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

நேற்றுச் சாயங்காலம் கிடைத்துவிட்டது. நினைத்ததைவிடக் கெயினைக் குறைத்து, மிட்டை ஒரு துளி ஏற்றினார். ஜக் ஜக் ஜக் என்று நெஞ்சிலேயே வந்து இடித்தது.

"சத்தத்தைக் கொறைடா!"

பழைய பழக்கத்தில் கத்திய பிறகுதான், வாசிப்பது தான்தான் என்று அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் கடைக்குப் போய் டேப் வாங்கி வந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெட்டி முன்னால் அம்சவேணி குனிந்திருந்தாள். கையில் துணி இல்லை. மிட் குமிழை விரலால் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! இத்தன நாளும் நீதானா?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "மொதல் தடவை தெரியாம நடந்ததுங்க. அப்புறம் அந்தச் சத்தம் கிட்ட கிட்ட வர்றப்பெல்லாம் திருப்பினது நான்தானுங்க."

"நேத்து வந்தது என்னன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியாதுங்களா? கையில இருந்த கரண்டி உழுந்துருச்சு. அவனேதான்."

"தெரிஞ்சுமா..."

"கிடைச்சா மூடி வெச்சிருவேன்னீங்களே. அப்புறம் சாயங்காலமானா இந்த ஊட்டுல என்னங்க கேக்கும்?"

அவர் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கெயினையும் கொஞ்சம் திருப்பி உடு, அம்சா" என்றார்.